ஜிப் அல்ல, கயிறு!
டி.என்.ஏ. இரட்டிப்பாவதை விளக்கும் உவமைகள்: ஒரு விமரிசனம்

உயிரணு ஒன்று இரண்டாகப் பிரிவதற்கு முன்னால், தன்னிடமுள்ள டி.என்.ஏ. முழுவதையும் இரு தொகுதிகளாக ஆக்கிக்கொள்கிறது. பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள் இதைப் படித்திருப்பார்கள். எப்படி ஆக்கிக்கொள்கிறது என்று கேட்டால், பெரும்பாலோர் தரும் விடை இதுதான்: "ஜிப்பைத் திறப்பது போல டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளும் பிரிகின்றன. பிரிந்த ஒவ்வோர் இழையும் தனக்கு ஏற்ற புதிய இழையை உண்டாக்கிக்கொள்கிறது."

வகுப்பறைகளிலும், அறிவியல் விழா மேடைகளிலும், எளிய நூல்களிலும் இந்த ஜிப் உவமையை நாம் சந்திக்கிறோம். இதை எடை போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். உவமையைப் போய் விமரிசிப்பானேன் என்று நினைக்க வேண்டாம். நம் மாணவர்களுள் பெரும்பாலோர்க்கு எலெக்ட்ரான் நுண்ணோக்கி எட்டாது; உவமைதான் எட்டும். கண்ணால் காண முடியாத ஒன்றை அவர்கள் உவமையின் வழியாகத்தான் காண்கிறார்கள். அது சரியாக அமைந்தால் கேள்விகள் பிறக்கும். பிசகாக அமைந்தால், பிறக்க வேண்டிய கேள்வியே பிறக்காமல் போய்விடும். ஜிப் உவமையால் அப்படி மறைந்துபோன கேள்வி ஒன்று உண்டு. விஞ்ஞானிகளை ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஆட்டிவைத்த கேள்வி அது. நம் நாட்டு விஞ்ஞானிகளும் அதில் பங்கு கொண்டார்கள்.

ஜிப் சொல்லும் உண்மை

முதலில் ஜிப்புக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிடுவோம்.

டி.என்.ஏ. இரண்டு நீண்ட இழைகளால் ஆனது. ஒவ்வோர் இழையிலும் நான்கு வகைக் காரங்கள் வரிசையாக அமைந்துள்ளன. அடினைன் எதிரில் தைமின்தான் வரும். குவானைன் எதிரில் சைட்டோசின்தான் வரும். எனவே ஓர் இழையின் வரிசை தெரிந்தால் மற்றதன் வரிசையை எழுதிவிடலாம். 1953ஆம் ஆண்டில் வாட்சனும் கிரிக்கும் இந்த அமைப்பை வெளியிட்டபோதே, இரட்டிப்பாகும் வழியும் இதற்குள்ளேயே அடங்கியிருப்பதைக் கண்டார்கள். இழைகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் அச்சாக வைத்து எதிர் இழையைக் கட்டிவிட்டால், ஒன்று இரண்டாகிவிடுகிறது. இரண்டிலும் பாதி பழையது, பாதி புதியது.

இந்தக் கருத்தை 1958இல் மெசல்சனும் ஸ்டாலும் சோதனையால் நிலைநாட்டினார்கள். எடை கூடிய நைட்ரஜனை ஊட்டிப் பாக்டீரியாக்களை வளர்த்தார்கள். பிறகு சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றினார்கள். ஒரு தலைமுறை கழிந்ததும் கிடைத்த டி.என்.ஏ. முழுவதும் சரியாக இடைப்பட்ட எடையில் இருந்தது. ஒரு பழைய இழையும் ஒரு புதிய இழையும் சேர்ந்திருந்தாலொழிய அப்படி இருக்க இயலாது.

இழைகள் முழுமையாக நிற்கின்றன, அவற்றை இணைக்கும் மெல்லிய பிணைப்புகள் மட்டுமே விடுபடுகின்றன என்பதை ஜிப் நன்றாகவே காட்டுகிறது. பல்லுக்குப் பல் பொருந்துவதையும் காட்டுகிறது. இவ்வளவும் சரி.

ஜிப் மறைக்கும் கேள்வி

ஆனால் ஜிப்பின் இரண்டு பல்வரிசைகளும் அருகருகே படுத்திருக்கின்றன. டி.என்.ஏ.யின் இழைகள் அப்படி இல்லை. அவை ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டுள்ளன. ஏறத்தாழ பத்தரைக் கார இணைகளுக்கு ஒரு சுற்று வீதம் இந்த முறுக்கு ஓடுகிறது. முறுக்கிய இரண்டைப் பிரிப்பதும், அருகருகே கிடக்கும் இரண்டைப் பிரிப்பதும் ஒரே வேலையல்ல.

இதை அறிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. பாம்பனிலோ மண்டபத்திலோ கடற்கரையில் வள்ளம் கட்டுகிறவரிடம் கேளுங்கள். அல்லது வீட்டில் நீங்களே செய்து பாருங்கள். இரண்டு புரிகள் கொண்ட தேங்காய் நார்க் கயிறு இரண்டு முழம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைச் சன்னல் கம்பியில் இறுகக் கட்டுங்கள். மறு முனையில் இரண்டு புரிகளையும் ஆளுக்கொரு கையில் பிடித்து, ஜிப்பைத் திறப்பது போல இழுத்துப் பிரியுங்கள்.

முதல் ஒரு சாண் எளிதாகப் பிரியும். பிறகு கை கனக்கும். நீங்கள் பிரித்த இடத்துக்கு முன்னால் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். இழுப்பைச் சற்றுத் தளர்த்தினால் கயிறு தன்மேல் தானே சுருண்டு கண்ணி கண்ணியாக எழும். மேலும் இழுத்தால் பிரியாது; அறுந்தாலும் அறும். சன்னல் கம்பியில் கட்டிய முனையை அவிழ்த்துவிட்டாலோ, அது பம்பரம் போலச் சுழலும்; கயிறும் பிரியும்.

இப்போது கேள்வி தானாகவே பிறக்கிறது அல்லவா? டி.என்.ஏ. இரட்டிப்பாகும்போது அந்த முறுக்கு எங்கே போகிறது?

கணக்கைப் பார்ப்போம். நம் குடலில் வாழும் ஈ. கோலை என்ற பாக்டீரியாவின் டி.என்.ஏ. ஏறத்தாழ 46 லட்சம் கார இணைகள் கொண்டது. அதாவது சுமார் 4,40,000 முறுக்குகள். இவ்வளவும் நாற்பது நிமிடங்களில் அவிழ்ந்தாக வேண்டும். பிரியும் கவை ஒவ்வொன்றும் வினாடிக்கு ஏறத்தாழ ஆயிரம் இணைகள் வீதம் முன்னேறுகிறது. அப்படியானால் கயிறு நிமிடத்துக்கு 5,000 தடவைக்கு மேல் சுழல வேண்டும்! நம் வீட்டு மின்விசிறி முழு வேகத்தில் ஓடினாலும் நிமிடத்துக்கு ஐந்நூறு சுற்றைத் தொடுவதில்லை.

மனித உயிரணுவின் கணக்கு இன்னும் மலைப்பானது. 46 குரோமோசோம்களிலும் சேர்த்துச் சுமார் 640 கோடி இணைகள். 60 கோடி முறுக்குகள். நீட்டி வைத்தால் இரண்டு மீட்டர் நீளம். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஆறு பங்கே குறுக்களவுள்ள உட்கருவுக்குள் இது மடங்கிக் கிடக்கிறது. அத்தனை நெரிசலில் முனை சுழல இடமேது?

கேள்வியை விடாதவர்கள்

வாட்சனும் கிரிக்கும் இந்த இடரை அறியாதவர்கள் அல்லர். 1953 மே மாதம் வெளியான தங்கள் இரண்டாவது கட்டுரையிலேயே முறுக்கு அவிழும் சிக்கலைக் குறிப்பிட்டார்கள். தீர்க்க முடியாததல்ல என்றும் நம்பினார்கள். ஆனால் வழியைச் சொல்லவில்லை.

மாக்ஸ் டெல்புரூக் என்ற விஞ்ஞானி அந்த நம்பிக்கையை ஏற்கவில்லை. முழுக் கயிறும் சுழன்று அவிழும் என்பது அவருக்கு நம்பத்தக்கதாகத் தோன்றவில்லை. 1954இல் அவர் வேறொரு வழியைச் சொன்னார். இழைகள் இடைவிடாமல் ஆங்காங்கே வெட்டுப்பட்டு மீண்டும் ஒட்டிக்கொள்கின்றன; பழைய துண்டும் புதிய துண்டும் மாறி மாறி இணைகின்றன என்றார். நான்கு ஆண்டுகள் கழித்து வந்த மெசல்சன்-ஸ்டால் சோதனை இதைத் தள்ளிவிட்டது. பழைய இழை துண்டுபடாமல் முழுதாகவே நின்றது.

டெல்புரூக் தோற்றார்; அவருடைய கேள்வி தோற்கவில்லை. 1963இல் ஜான் கெய்ர்ன்ஸ், பாக்டீரியாவின் டி.என்.ஏ. இரட்டிப்பாகும் நிலையைப் படமெடுத்தார். அது முனையே இல்லாத வளையம் என்று தெரிந்தது. சிக்கல் இன்னும் கூர்மையாயிற்று. முனை இருந்தால் சுழலலாம். வளையத்தில் எதைச் சுழற்றுவது? இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிட்ட இருபுரிக் கயிற்றை, வெட்டாமல் பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம்! எங்கோ ஒரு சுழல் மூட்டு இருக்கத்தான் வேண்டும் என்று கெய்ர்ன்ஸ் கருதினார்.

விடை 1971இல் வந்தது. ஈ. கோலை பாக்டீரியாவிலிருந்து ஜேம்ஸ் வாங் ஒரு நொதியைப் பிரித்தெடுத்தார். அது டி.என்.ஏ.யின் ஓர் இழையை வெட்டுகிறது. வெட்டிய முனையைத் தானே பிடித்துக்கொள்கிறது. மற்ற இழையை அந்த இடைவெளி வழியாகக் கடக்கவிட்டு முறுக்கைத் தளர்த்துகிறது. பிறகு வெட்டை மூடிவிடுகிறது. தழும்புகூட இருப்பதில்லை. 1976இல் மார்ட்டின் கெல்லர்ட் குழுவினர் கைரேஸ் என்ற மற்றொன்றைக் கண்டறிந்தார்கள். இது இரண்டு இழைகளையும் ஒருசேர வெட்டி, கயிற்றின் இன்னொரு பகுதியை அந்த வாயில் வழியே செலுத்திவிட்டு மறுபடி ஒட்டுகிறது. முறுக்கு ஏறும் முன்பே எதிர்முறுக்குக் கொடுத்துக் கயிற்றைத் தளர்த்தி வைக்கிறது. இவ்வகை நொதிகளுக்கு இன்று டோபோஐசோமரேஸ் என்று பெயர்.

வெட்டுவதும் ஒட்டுவதும் என்று டெல்புரூக் சொன்னது முற்றிலும் பொய்யாகவில்லை என்பதை இங்கே நீங்கள் கவனிக்க வேண்டும். எங்கே, எதற்காக வெட்டு விழுகிறது என்பதில்தான் அவர் தவறினார்.

ஜிப் உவமையோடு மட்டும் நின்றுவிட்ட மாணவருக்கு இந்த நொதி எதற்கு என்றே புரியாது. பாடநூலில் பெயர் வரும், மனப்பாடம் செய்வார், தேர்வில் எழுதுவார், மறந்துவிடுவார். கயிற்றைப் பிரித்துப் பார்த்தவரோ, இப்படி ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று பெயர் தெரியுமுன்பே சொல்லிவிடுவார்.

எந்தப் பக்க முறுக்கு?

முறுக்கு என்றதும் இன்னொரு கேள்வி எழுகிறது: வலமா, இடமா? இங்கே நம் சொற்களையும் சற்று விமரிசிக்க வேண்டியிருக்கிறது.

டி.என்.ஏ. பெரும்பாலும் இருப்பது வலப்பக்கச் சுருளாக. இதைத் தமிழில் "வலம்புரி" என்று சொல்லிவிட்டால் அழகாக இருக்குமே என்று தோன்றும். ஆனால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில், கீழக்கரை, இராமேசுவரம் பக்கம் முக்குளிப்போர் எடுக்கும் சங்கை நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரணச் சங்கை நாம் இடம்புரி என்கிறோம். மிக அரிதாகக் கிடைப்பதை வலம்புரி என்கிறோம். விலங்கியலார் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறார்கள்! அவர்களுக்குச் சாதாரணச் சங்குதான் வலப்பக்கச் சுருள். அரிய வலம்புரியோ இடப்பக்கச் சுருள்.

இருவரில் யார் சொல்வது சரி? இருவரும் சரியே. சங்கின் கூர்நுனிச் சுழியை மேலே வைத்து, வாய் தம்மை நோக்கியிருக்கும்படி பிடித்து, வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கிறார் விலங்கியலார். சுழியைக் கீழே வைத்துப் பிடித்தால் அதே வாய் மறுபக்கத்தில் வந்துவிடும். நம் வழக்கு இந்தப் பிடிப்பைத்தான் ஒத்திருக்கிறது. ஆக, வாயின் பக்கம் பிடிக்கும் விதத்தைப் பொறுத்தது.

ஆனால் சுருளின் திசை பிடிக்கும் விதத்தைப் பொறுத்ததன்று. ஒரு திருகாணியைத் தலைகீழாகப் பிடித்தாலும் அதன் மரை அதே பக்கமே ஓடும். டி.என்.ஏ.யின் சுருள் சாதாரணத் திருகாணியின் மரை ஓடும் பக்கமாகவே ஓடுகிறது. அதாவது, நாம் இடம்புரி என்றழைக்கும் சாதாரணச் சங்கின் சுருள் எப்பக்கமோ, டி.என்.ஏ.யும் அப்பக்கமே! எனவே டி.என்.ஏ.வை வலம்புரி என்று எழுதினால் இந்தக் கரையில் வளர்ந்த மாணவர் நேர் எதிரான உருவத்தை மனத்தில் வாங்கிக்கொள்வார். வலத்திருகு, இடத்திருகு என்று சொல்வதே குழப்பமற்றது. திருகாணி எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

அதே சமயம், "புரி" என்ற சொல்லை நாம் முழுவதும் கைவிட வேண்டியதில்லை. பாடநூல்கள் டி.என்.ஏ.யின் ஒவ்வொரு பாதியையும் "இழை" என்கின்றன. இழை என்பது தனியே கிடக்கும் நூலையும் குறிக்கும். புரி என்றாலோ, இன்னொன்றோடு முறுக்கப்பட்டது என்ற பொருள் சொல்லிலேயே இருக்கிறது. "இழை என்பது கயிற்றின் புரி போன்றது" என்று ஆசிரியர் ஒரு வரி சேர்த்துச் சொன்னால் பாதி விளக்கம் முடிந்துவிடும்.

பெங்களூரிலிருந்து எழுந்த ஐயம்

கயிறு என்றால் தமிழ்நாட்டு விஞ்ஞான வரலாற்றில் நினைவுக்கு வருபவர் ஜி. என். ராமச்சந்திரன். தோலிலும் எலும்பிலும் உள்ள கொல்லாஜன் என்ற புரதம் மூன்று புரிகள் முறுக்கிய கயிறு போன்றது என்று 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து அவரும் கோபிநாத் கர்த்தாவும் அறிவித்தார்கள். புரதச் சங்கிலிகள் எவ்வெவ்விதமாக மடங்கலாம் என்று காட்டும் புகழ்பெற்ற வரைபடத்தை 1963இல் ராமச்சந்திரனுடன் சேர்ந்து வெளியிட்டவர்கள் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய இருவர்.

இந்தச் சசிசேகரன் பின்னர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றியபோது, டி.என்.ஏ. பற்றித் துணிச்சலான கேள்வி ஒன்றை எழுப்பினார்: இழைகள் உண்மையிலேயே ஒன்றையொன்று சுற்றித்தான் ஆக வேண்டுமா? 1976இல் அவரும் பட்டாபிராமனும் ஒரு மாற்று அமைப்பை வெளியிட்டார்கள். நியூசிலாந்தில் ராட்லி என்பவரின் குழுவும் அதே ஆண்டில் இதையொத்த அமைப்பைத் தனியே முன்வைத்தது. இவற்றின்படி, இரண்டு இழைகளும் சிறிது தூரம் வலத்திருகாக ஓடும். உடனே அதே அளவு தூரம் இடத்திருகாகத் திரும்பும். இப்படி மாறி மாறி ஓடுவதால், மொத்தத்தில் ஒன்றையொன்று சுற்றாமல் அருகருகே கிடக்கும். அப்படியானால் இரட்டிப்பாகும்போது முறுக்கு என்ற தொல்லையே இல்லை. உண்மையாகவே ஜிப் போலத் திறந்துகொள்ளும்!

எவ்வளவு சுவையான நிலை பாருங்கள். நம் வகுப்பறைகளில் எந்த யோசனையும் இல்லாமல் சொல்லப்படும் ஜிப், அங்கே கணக்கும் அளவும் பார்த்து ஒரு விஞ்ஞானக் கொள்கையாக முன்வைக்கப்பட்டது. 1978இல் உலகப் புகழ்பெற்ற நேச்சர் இதழும் பெங்களூர்க் குழுவின் கட்டுரையை வெளியிட்டது. நார்களிலிருந்து கிடைத்த எக்ஸ்-கதிர்ப் படங்களைக் கொண்டு மட்டும் ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்று முடிவு கட்ட அன்று இயலவில்லை. ஆகவே ஐயத்துக்கு இடமிருந்தது.

இதை யாரும் ஏளனம் செய்து ஒதுக்கவில்லை. 1979இல் கிரிக், வாங், பாயர் ஆகிய மூவரும் "டி.என்.ஏ. உண்மையில் இரட்டைச் சுருள்தானா?" என்ற பொருளில் தலைப்பிட்டு விரிவான கட்டுரை எழுதினார்கள். இரட்டைச் சுருளைக் கண்டவரே அந்தக் கேள்வியைத் தலைப்பில் வைத்தார்! மூடிய டி.என்.ஏ. வளையங்களிலிருந்து கிடைத்த சான்றுகளை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். அத்தகைய வளையத்தைச் சூடாக்கிக் காரப் பிணைப்புகளை அவிழ்த்தாலும் இரண்டு இழைகளும் தனித்தனியே வந்துவிடுவதில்லை. கோத்த வளையங்களாகச் சிக்கியே கிடக்கின்றன. ஓர் இழையில் ஒரே ஒரு வெட்டு விழுந்தால் போதும், பிரிந்துவிடுகின்றன. அருகருகே மட்டும் கிடந்திருந்தால் இப்படி நடக்குமா? எத்தனை தடவை சுற்றிக் கோத்திருக்கின்றன என்பதையும் சோதனையால் எண்ணினார்கள். ஏறத்தாழ பத்தரை இணைகளுக்கு ஒரு சுற்று என்றே வந்தது.

அடுத்த ஆண்டு, 1980இல், டிக்கர்சன் குழுவினர் ஒரு சிறு டி.என்.ஏ. படிகத்தின் அணு அமைப்பை எக்ஸ்-கதிர் கொண்டு கண்டறிந்தார்கள். அதிலும் வலத்திருகான இரட்டைச் சுருளே இருந்தது. அருகருகே கிடக்கும் அமைப்பு என்ற கருத்து அத்துடன் விடைபெற்றது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். டி.என்.ஏ. இடத்திருகாகவும் அமையலாம் என்பது பெங்களூர்க் கருத்தின் ஒரு பகுதி. 1979இல் அலெக்சாண்டர் ரிச் குழுவினர் முதன்முதலில் அணு விவரத்தோடு கண்ட டி.என்.ஏ. படிகம், இடத்திருகான இரட்டைச் சுருளாகவே இருந்தது! இதற்கு இசட்-டி.என்.ஏ. என்று பெயர்.

நம் எளிய அறிவியல் நூல்களில் வாட்சன்-கிரிக் கதை தவறாமல் இடம் பெறுகிறது. சசிசேகரனின் ஐயமோ அரிதாகவே பேசப்படுகிறது. தோற்ற கருத்து எதற்கு என்று எண்ணுகிறோம் போலும். இது சரியல்ல. கயிறு எப்படி அவிழ்கிறது என்ற கேள்வியைக் கடைசி வரை விடாதவர்கள் கேட்ட கேள்விதான், இரட்டைச் சுருள் என்பதை நம்பிக்கையிலிருந்து நிரூபணத்துக்குக் கொண்டு வந்தது. பிறர் சொன்னதை ஒப்பித்தவர்களால் அது நடக்கவில்லை.

ஏட்டுப் பிரதி என்ற உவமை

ஜிப்புக்கு அடுத்தபடியாக வழங்குவது, நகலெடுப்பது என்ற உவமை. பனையோலை மலிந்த இராமநாதபுரச் சீமையில் இதற்கு ஏற்ற உருவம் ஏட்டுப் பிரதிதான். அச்சு வருமுன் நம் நூல்கள் எல்லாம் ஏட்டைப் பார்த்து ஏடு எழுதியே பிழைத்து வந்தன. சேதுபதி மரபைச் சார்ந்த பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவி ஏடுகளைத் திரட்டியபோது, ஒரே நூலின் பல பிரதிகளில் பல பாடங்கள் இருப்பது புலவர்களுக்குப் பழகிய செய்தி.

பிழையைப் பற்றிப் பேசும்போது இந்த உவமை மிகப் பொருத்தமானது. டி.என்.ஏ.யைக் கட்டும் நொதியும் ஏறத்தாழ லட்சம் எழுத்துக்கு ஒரு தடவை தவறான காரத்தைச் சேர்த்துவிடுகிறது. உடனே அதைத் தானே உணர்ந்து பின்வாங்கி அழித்துத் திருத்துகிறது. அதையும் தப்பிய பிழைகளை, பின்னால் வரும் வேறு நொதிகள் பழைய இழையோடு ஒப்பிட்டுத் திருத்துகின்றன. இறுதியில் தங்கும் பிழை நூறு கோடி எழுத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துவிடுகிறது. ஒப்பிடும்போது எது மூலம், எது பிரதி என்று தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மூலத்தையே "திருத்தி"விட நேரும். ஈ. கோலை பாக்டீரியாவில் பழைய இழையின் மீது மீத்தைல் என்ற சிறு வேதிக் குறிகள் இருக்கின்றன. புதிய இழைக்கு அவை சற்றுத் தாமதமாகவே இடப்படுகின்றன. அந்த இடைவேளையில் திருத்தம் முடிந்துவிடுகிறது.

ஆனால் இந்த உவமையும் ஓரிடத்தில் நம்மை ஏமாற்றுகிறது. ஏடு எழுதி முடிந்தபின் மூல ஏடு மூல ஏடாகவே இருக்கும்; பிரதி முழுவதும் புதிய ஓலையில் இருக்கும். டி.என்.ஏ.யில் அப்படியில்லை. விளையும் இரண்டிலும் ஒரு புரி பழையது, ஒரு புரி புதியது. எது மூலம், எது நகல் என்று கேட்கவே முடியாது. அந்த வகையில் நம் பாடநூல்கள் வழங்கும் "இரட்டிப்பாதல்" என்ற சொல் நன்றாக அமைந்த சொல். அதில் மூலமும் இல்லை, நகலும் இல்லை. ஒன்று இரண்டாகிறது, அவ்வளவே. ஆங்கிலத்தைப் பார்த்து "நகலாக்கம்" என்று மாற்ற விரும்புவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

கயிற்றுக்கும் எல்லை உண்டு

ஜிப்பையும் ஏட்டையும் குறை சொல்லிவிட்டுக் கயிற்றை மட்டும் சும்மா விடுவது நேர்மையாகாது. கயிற்றின் புரிகளில் எழுத்து இல்லை. ஒரு புரியைப் பார்த்து மறு புரி பிறப்பதில்லை. மிக முக்கியமாக, புரிக்குத் தலை, வால் என்ற திசை கிடையாது. டி.என்.ஏ.யின் இழைகளுக்கு உண்டு. ஒன்று மேல்நோக்கி ஓடினால் மற்றது கீழ்நோக்கி ஓடும். புதிய இழையைக் கட்டும் நொதியோ ஒரே திசையில்தான் வேலை செய்யும். ஆகவே, கவை திறக்கத் திறக்க ஒரு பக்கம் தொடர்ச்சியாகக் கட்டப்படுகிறது; மறுபக்கம் துண்டு துண்டாகக் கட்டப்பட்டுப் பிறகு ஒட்டப்படுகிறது. 1960களின் இறுதியில் இந்தத் துண்டுகளைக் கண்டறிந்தவர்கள் ஜப்பானியத் தம்பதியரான ரெய்ஜி ஒகசாகியும் சுனேகோ ஒகசாகியும். அவர்கள் பெயராலேயே அவை ஒகசாகித் துண்டுகள் எனப்படுகின்றன.

கயிற்றை நாம் முனையிலிருந்து பிரித்தோம். உயிரணுவோ நடுவில் பிரிக்கத் தொடங்கி இருபுறமும் செல்கிறது. மனித உயிரணுவில் இப்படித் தொடங்கும் இடங்கள் பல்லாயிரம். அதனால்தான் அவ்வளவு நீளமும் சுமார் எட்டு மணி நேரத்தில் முடிகிறது.

எந்த உவமையும் முழு உண்மையாகாது. ஒவ்வோர் உவமையையும் மூன்று கேள்விகளால் சோதிக்கலாம். இது எதைக் காட்டுகிறது? எதை மறைக்கிறது? மறைத்தது முக்கியமானதா? ஜிப் மறைத்தது மிக முக்கியமானது. அதனால்தான் இந்த விமரிசனம்.

முறுக்கில் இருக்கும் மருந்து

எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று போதும். சிப்ரோபிளாக்சசின் என்ற மாத்திரையின் பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அது பாக்டீரியாவின் கைரேஸைப் பிடித்து நிறுத்துகிறது. எப்போது தெரியுமா? கயிற்றை வெட்டிவிட்டு, இன்னும் ஒட்டாமல் வைத்திருக்கும் அந்த நொடியில்! வெட்டுகள் மூடப்படாமல் பெருகுகின்றன, பாக்டீரியா சாகிறது. மனித உயிரணுவின் நொதி சற்று வேறு அமைப்புடையதாதலால் பெரிதும் தப்பிவிடுகிறது. வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்குத் தரப்படும் லெவோபிளாக்சசின், மாக்சிபிளாக்சசின் ஆகியவையும் இதே முறையில் வேலை செய்பவையே. வைத்தியர் சொல்லாமல் இவற்றை வாங்கி விழுங்கினாலும், பாதியில் நிறுத்தினாலும், கைரேஸ் சற்றே மாறிய பாக்டீரியாக்கள் பிழைத்துப் பெருகும். பிறகு மருந்து பயன்படாது.

புற்றுநோய் மருந்துகளிலும் இதே கதைதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு மரத்திலிருந்தும் பிரித்தெடுக்கப்படும் காம்ப்டோதெசின் என்ற பொருள், ஓர் இழையை வெட்டும் மனித நொதியை வெட்டிய நிலையிலேயே நிறுத்திவைக்கிறது. அதிலிருந்து உருவாக்கிய மருந்துகள் இன்று பயனில் உள்ளன. வேகமாகப் பிரியும் புற்று உயிரணுக்கள் அடிக்கடி இரட்டிப்பாவதால் அவையே முதலில் அடிபடுகின்றன. உடலில் இயல்பாகவே விரைந்து பிரியும் நல்ல உயிரணுக்களும் சில அடிபடுகின்றன. இத்தகைய சிகிச்சையின் பக்க விளைவுகளுக்கு அது ஒரு முக்கிய காரணம்.

ஜிப்புக்கு இந்த நொதி தேவையில்லை. எனவே ஜிப்பை மட்டும் அறிந்தவர்க்கு இந்த மருந்துகளும் விளங்கா. கயிறு அறிந்தவர்க்கு விளங்கும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை இந்தப் பாடம் நடக்கும்போது வகுப்புக்கு இரண்டு முழம் கயிறு கொண்டு போங்கள். ஒரு மாணவர் முனையைப் பிடித்துக்கொள்ளட்டும், இன்னொருவர் பிரிக்கட்டும். கயிறு சுருண்டு எழும் வரை ஆசிரியர் ஒன்றும் சொல்ல வேண்டாம். "இப்போது என்ன செய்வது?" என்று யாராவது கேட்பார்கள். அப்போது ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்து, ஒரு புரியை மட்டும் வெட்டச் சொல்லுங்கள்.